அதே குகை, அதே நகரம்

'டிராகன் ஏஜ் 2' வீடியோ கேமை விளையாடியவர் யாரைக் கேட்டாலும் முதலில் அந்தக் குகையைத்தான் சொல்வார். ஏதோ ஒரு வேலையாக அதற்குள் நுழைகிறோம். அடுத்த வேலை வேறோர் இடத்தில், குகைக்குப் பெயரும் வேறு. உள்ளே போனால் அதே வளைவு, அதே படிக்கட்டு. முன்பு திறந்திருந்த ஒரு வழியைக் கல் அடைத்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். திரையின் மூலையில் உள்ள மேப்பிலோ, அடைபட்ட பாதைகளும் சேர்த்தே வரையப்பட்டிருக்கும். அதை அழிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை போலும்.

உண்மையில் நேரம் இல்லைதான். முதல் பாகமான 'ஆரிஜின்ஸ்' 2004இல் அறிவிக்கப்பட்டு, 2009 நவம்பரில்தான் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 2011 மார்ச்சிலேயே கடைக்கு வந்துவிட்டது. ஒரு நாடு முழுவதும் சுற்றிவந்து, ஆறு வெவ்வேறு தொடக்கங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆடிய ரசிகருக்கு, இம்முறை கிடைத்தது கர்க்வால் என்ற ஒரே நகரமும் ஹாக் என்ற ஒரே நாயகனும். சண்டையிலும் அவசரம் தெரிகிறது. எதிரிகளை வீழ்த்தி மூச்சு விடுவதற்குள் இன்னொரு கூட்டம் வந்து குதிக்கும். யாரை எங்கே நிறுத்துவது என்று யோசித்ததெல்லாம் வீண். அன்று முழு விலை கொடுத்து வாங்கியவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்த ஒற்றை நகரத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்தும் உண்டு. இந்த விளையாட்டின் மிகச் சிறந்த பகுதிகள் அதிலிருந்தே பிறந்தவை. ஹாக் உலகைக் காக்கப் புறப்பட்டவன் அல்ல. தாயோடு உயிர் தப்பி ஓடிவந்து, நகர வாசலில் தடுத்து நிறுத்தப்படும் அகதி. அங்கேயே கடன் அடைத்து, வீடு பிடித்து, ஏழு ஆண்டுகள் வாழ்கிறான். கதையின் முதல் பகுதியில் காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடுவோம். பிறகு மறந்தும்விடுவோம். சில ஆண்டுகள் கழித்து ஹாக்கின் வீட்டில், அவன் தாய்க்கு யாரோ அனுப்பிய வெள்ளை லில்லிப் பூக்கள் இருக்கும். மேலே சொல்ல மாட்டேன். ஊர் ஊராக ஓடும் கதையில் அந்தப் பூக்கள் இவ்வளவு பயமுறுத்தியிருக்காது.

நட்பும் அப்படித்தான். ஹாக்கை ஒவ்வொரு விஷயத்திலும் எதிர்க்கும் தோழர்கூட, அந்த எதிர்ப்பு முற்றும்போது விலகிப் போவதில்லை. அதுவும் ஓர் ஆழமான உறவாகவே கணக்கில் சேரும். இரண்டாம் பகுதியில் துறைமுகத்தில் முகாமிட்டிருக்கும் குனாரி என்ற அந்நியப் படையினரின் நெருக்கடி வெடிக்கும்போது, விட்டுப் போன தோழி இசபெலா திரும்பி வருவாளா மாட்டாளா என்பது அதுவரை அவளோடு எப்படிப் பழகினோம் என்பதைப் பொறுத்தது.

இவ்வளவு நல்ல யோசனையை அதே அவசரம்தான் பாதியில் விட்டுவிட்டது. ஏழு ஆண்டுகளில் கர்க்வால் மாறியிருக்க வேண்டாமா? கடைவீதி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆண்டுகள் கடந்ததை வசனம் சொல்கிறதே தவிர, தெரு சொல்வதில்லை. முடிவு இன்னும் மோசம். மந்திரவாதிகள் பக்கமா, அவர்களை அடக்கும் வீரர்கள் பக்கமா என்று மனம் நொந்து தேர்ந்தெடுக்கிறோம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரு தலைவர்களோடும் மோதியே தீர வேண்டும். குகை சலிப்பூட்டியது, இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்று வாங்கலாமா என்று கேட்டால், தள்ளுபடியில் வரும்போது தாராளமாக வாங்கலாம் என்பேன். 'ஆரிஜின்ஸ்' முடித்த கையோடு தொடங்க வேண்டாம். ஒப்பிட்டே பாதி மனம் கசந்துவிடும். கொஞ்ச நாள் இடைவெளி விடுங்கள். சண்டையின் கடினத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், இழப்பு ஒன்றுமில்லை. தோழர்கள் கொடுக்கும் வேலைகளை மட்டும் ஒன்றுவிடாமல் செய்யுங்கள்.

2014இல் வந்த மூன்றாம் பாகமான 'இன்க்விசிஷன்' ஆடும் எண்ணம் இருந்தால், இதைத் தாண்டிப் போகவே கூடாது. அதில் ஓரிடத்தில் இருவரில் ஒருவரை விட்டுவிட்டு வர வேண்டும், ஒருவர் ஹாக். கர்க்வாலில் வாழாதவருக்கு அது ஒரு பெயர். வாழ்ந்தவரின் விரல் அந்தப் பட்டனை அழுத்த வெகுநேரம் தயங்கும்.