‘ஃபுல் ஒரிஜினல்’: ஒரு வண்டி விளம்பரத்தை வாசிப்பது எப்படி?

கடந்த இரண்டு மாதமாக நான் புத்தகம் படித்ததைவிட வண்டி விளம்பரம் படித்ததுதான் அதிகம். காரணம் மாமா. சைதாப்பேட்டையில், ஜோன்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 நிற்கிறது. 1991-இல் புதிதாக வாங்கியது. முட்டி தேய்ந்துபோன பிறகு அவரால் கிக்கரை உதைக்க முடியவில்லை. “நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பார்ப்பியே, நல்ல விலைக்கு வித்துக் குடுடா” என்றார். சரி, மார்க்கெட் நிலவரம் என்னவென்று பார்க்கலாம் என ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க விலையைவிட அந்த விளம்பரங்களின் மொழிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

கிட்டத்தட்ட எல்லா விளம்பரமும் ஒரே அச்சில்தான் வருகிறது. பலவற்றிலிருந்து பொறுக்கி நானே கோத்த மாதிரி ஒன்று:

“ஆர்.எக்ஸ். 100, 1994 மாடல். ஃபுல் ஒரிஜினல். ஜப்பான் இன்ஜின். போர் ஆகாத வண்டி. கம்பெனி பெயிண்ட். சிங்கிள் ஓனர். விலை தெரிந்தவர்கள் மட்டும் கூப்பிடவும்.”

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். வண்டி எப்படி ஓடுகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. பிரேக் பிடிக்குமா, கியர் சரியாக விழுமா, காலையில் எத்தனை உதையில் ஸ்டார்ட் ஆகும் என்று எதுவும் இல்லை. சொல்லப்படுவதெல்லாம் வண்டிக்கு என்னென்ன நடக்கவில்லை என்பதுதான். இன்ஜினைத் திறக்கவில்லை, பெயிண்ட் அடிக்கவில்லை, கை மாறவில்லை. முப்பது வருடம் ஒரு வண்டிக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்பதற்கு விலை கேட்கிறார்கள்.

‘ஜப்பான் இன்ஜின்’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஆர்.எக்ஸ். 100 இங்கே 1985 நவம்பரில் வந்தது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து கொண்டுவந்தது. முதல் சில ஆயிரம் வண்டிகளுக்கு ஜப்பானிலிருந்து உதிரிகளாக வந்ததை இங்கே கோத்தார்கள். அப்புறம் படிப்படியாக உள்ளூர் உதிரிகள் சேர்ந்தன. 1996 வரை உற்பத்தி நடந்தது. ஆனால் விளம்பரங்களை நம்பினால், தமிழ்நாட்டில் ஓடும் பாதி வண்டி நேராக ஜப்பானிலிருந்து கப்பல் ஏறி வந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும்.

‘போர் ஆகாத வண்டி’ இன்னும் சுவாரசியம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகிறது. பிஸ்டன் ரிங் ஒவ்வொரு முறையும் சிலிண்டர் சுவரில் இருக்கும் திறப்புகளைத் தாண்டி மேலும் கீழும் போகிறது. தேய்மானம் வந்தே தீரும். தேய்ந்தால் சிலிண்டரை ஒரு அளவு பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் போடுவார்கள். அதுதான் ‘போர் பண்றது’. தினமும் ஆபீஸ் போன வண்டியில் இது நடக்காமல் இருக்க வாய்ப்பு குறைவு. ஆக, போர் ஆகாத 1994 மாடல் என்றால் ஒன்று வண்டி ஓடவே இல்லை, அல்லது சொல்பவர் கொஞ்சம் கதை விடுகிறார். இரண்டாவதுக்கே வாய்ப்பு அதிகம்.

எதற்கு இந்த விலை?

98 சிசி, 11 குதிரைசக்தி, எடை சுமார் நூறு கிலோ. அதே காலத்து ஃபோர் ஸ்ட்ரோக் நூறு சிசி வண்டிகள் ஏழெட்டு குதிரைசக்தியோடு மைலேஜ் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இது சிக்னல் விழுந்ததும் பாய்ந்தது. இதற்கு முன்னாலேயே, 1983-இல், எஸ்கார்ட்ஸ் ராஜ்தூத் 350 என்ற பெயரில் யமஹாவின் ஆர்.டி. 350-ஐ இறக்கியிருந்தது. இரட்டை சிலிண்டர், 347 சிசி, ஆறு கியர், முப்பது குதிரைசக்தி. புதிதாக விற்ற காலத்தில் அது பெட்ரோல் குடிக்கிறது, ஸ்பேர் கிடைக்கவில்லை என்று ஒதுக்கப்பட்ட வண்டி. இன்று அதற்குக் கேட்கும் விலையில் புது வண்டியே வாங்கலாம்.

அமெரிக்காவில் ‘மசில் கார்’ என்று ஒரு வகை உண்டு. 1964-இல் பான்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய காரின் இன்ஜினைத் திணித்து ஜி.டி.ஓ. என்று விற்றது. அதிலிருந்து அந்த மோகம் பரவியது. எழுபதுகளின் புகைக் கட்டுப்பாடும் எண்ணெய் நெருக்கடியும் வந்ததும் அடங்கிப்போனது. பதினேழு வயதில் அந்தக் காரை வாங்க முடியாமல் ஏங்கிய பையன்கள் ஐம்பது வயதில் கையில் காசோடு வந்தார்கள். விலை ஏறியது. இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பொருந்தியிருந்தால் அதற்குத் தனி விலை. இப்போது அந்தத் தலைமுறை வயதாகி விலகுகிறது. எண்பதுகளில் பிறந்தவர்கள் தொண்ணூறுகளின் ஜப்பான் கார்களைத் தேடுகிறார்கள்.

நம் ஊரிலும் நடப்பது இதேதான். அபூர்வமாக இருப்பதால் மட்டும் விலை வந்துவிடாது. அதற்குச் சென்னையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு கார் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1-இன் உடம்பு. அங்கே அதற்கு வி8 இன்ஜின் உண்டு. இங்கே போட்டது நாலு சிலிண்டர் பழைய இன்ஜின். சில வருடங்களிலேயே உற்பத்தி நின்றது. ஆர்.எக்ஸ்.ஸைவிடப் பல மடங்கு அபூர்வமான வண்டி, அதுவும் நம் ஊரில் செய்தது. ஆனால் அதைத் தேடி அலைகிற ஒருத்தரைக்கூட நான் இந்த இரண்டு மாதத்தில் பார்க்கவில்லை. எந்தப் பையனும் அதைக் கனவு கண்டதில்லை, அவ்வளவுதான்.

மாமா வண்டியின் கதை

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாமா வண்டி சிங்கிள் ஓனர். நிறம்கூட மாறவில்லை. முதலில் பார்க்க வந்தவர் படத்தைப் பார்த்தே ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சொன்னார். நேரில் வந்து, முட்டி போட்டு, சேசிஸ் எண்ணை டார்ச் அடித்துப் பார்த்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்டார். பொருந்தியது. பிறகு கேட்டார்: “இன்ஜின் தொறந்திருக்கா அண்ணா?”

திறந்திருக்கிறது. 2015 டிசம்பர் முதல் வாரம். அடையாறு பெருக்கெடுத்து மறைமலை அடிகள் பாலத்தையே மூடிவிட்ட நாட்கள். மாமா வீட்டுத் தரைத்தளத்தில் தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆனது. வண்டி முழுசாக மூழ்கிக் கிடந்தது. தள்ளிக்கொண்டு போனபோது சைலன்சரிலிருந்து சேறு ஒழுகியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மாமாவுக்கு இருபது வருடமாக வண்டி பார்த்த மெக்கானிக் அண்ணன் கடையில் அப்போது வரிசையாக முப்பது நாற்பது வண்டி. அவர் கடையும் மூழ்கியதுதான். இன்ஜினை முழுசாகப் பிரித்து, கிராங்க் பேரிங், சீல் எல்லாம் மாற்றி, போர் பண்ணி, புது பிஸ்டன் போட்டார். டேங்குக்குள் சல்லியையும் டீசலையும் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தார். வயரிங் முழுக்கப் புதுசு. சில உதிரி புதுப்பேட்டையிலிருந்து வந்த பழசு, சில கம்பெனி சாராத டூப்ளிகேட். இவ்வளவு செய்துவிட்டுக் கூலி வாங்கத் தயங்கினார். “எல்லாருக்கும் ஒரே கஷ்டம் சார், அப்புறமா பார்த்துக்கலாம்” என்றார். அதற்கு அப்புறம் பத்து வருடம் வண்டி எங்கேயும் நின்றதில்லை.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் வந்தவர் முகம் மாறிவிட்டது. “ஃப்ளட் வண்டியா?” என்றார். அறுபதுக்கு இறங்கினார். அன்று சாயங்காலம் புரோக்கர் ஒருவர் போன் பண்ணி, “ஏன் சார் வெள்ளத்தைப் பத்தியெல்லாம் வாய விட்டீங்க? யாரு கண்டா?” என்று கடிந்துகொண்டார். ஐம்பதாயிரம் ரூபாய், ஒரு வாக்கியத்தில் போனது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

ஒரு சொல், இரண்டு அர்த்தம்

யோசித்துப் பார்த்தால், ‘ஒரிஜினல்’ என்று ஒரே சொல்லில் இரண்டு வேறு விஷயங்களைச் சேர்த்து விற்கிறார்கள்.

ஒன்று, அடையாளம். இந்த சேசிஸ் இந்த ஆர்.சி.க்கு உரியதா, எண்ணைத் தேய்த்து மறுபடி குத்தியிருக்கிறார்களா, திருட்டு வண்டியா. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. விலை ஏறிய பிறகு திருட்டும் ஏறும். வாங்குபவர் டார்ச் அடித்துப் பார்த்தது நூற்றுக்கு நூறு சரி.

இன்னொன்று, தீண்டப்படாமை. ஸ்பேனர் படாத வண்டி. இதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். முப்பத்தைந்து வருடம் ரோட்டில் ஓடிய எந்திரம் பழுது பார்க்கப்படாமல் இருக்க முடியாது. பழுது பார்த்தவரின் கைவேலைதான் அதை நம் கையில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. மார்க்கெட் அந்தக் கைவேலையைக் குறையாகக் கழிக்கிறது. கழிப்பதால் என்ன ஆகிறது? விற்பவர் மறைக்கிறார். பில் இருந்தால் கிழிக்கிறார். போர் பண்ணிய வண்டி போர் ஆகாத வண்டி ஆகிறது. உண்மை சொன்னால் ஐம்பதாயிரம் நஷ்டம் என்றால் எத்தனை பேர் சொல்வார்கள்? ஆக, ஒரிஜினல் என்ற சொல்லுக்குக் காசு கொடுக்கக் கொடுக்க, அந்தச் சொல்லே பொய்யாகிக்கொண்டு வருகிறது. ‘ரெஸ்டோர்’ செய்யும் வீடியோக்களிலும் பாருங்கள். பழைய உதிரிகளை எடுத்து வீசிவிட்டு, பளபளவென்று புதுசாக மாற்றி, தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்ததுபோல் காட்டுவார்கள். நடுவில் அந்த வண்டியை ஓட வைத்த மெக்கானிக் யார் என்று யாரும் கேட்பதில்லை.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. 2021-இல் ‘விண்டேஜ்’ வண்டிகளுக்கென்று மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிய மாற்றமில்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து. ஆனால் தினசரி ஓட்டக் கூடாது. ஆர்.எக்ஸ். 100-இல் முதலில் பதிவான வண்டிக்கே 2035-இல்தான் ஐம்பது வயது ஆகும். அதுவரை சாதாரணப் பழைய வண்டிதான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. 2025 ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டிய பைக்குகளுக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 2,000 ரூபாய் ஆனது. ஓட்டாமல் வைத்திருப்பவருக்குப் பாரம்பரியம், ஓட்டுகிறவருக்குச் செலவு.

இங்கே ஒரு மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். டூ ஸ்ட்ரோக் வண்டி புகை கக்கும். உள்ளே வரும் புதுப் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். அதன் கட்டமைப்பே அப்படி. புகை விதிகள் இறுகியதும் இந்த வண்டிகள் போனதில் நியாயம் இருக்கிறது. எல்லோரும் மறுபடி இதை ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருப்பதை என்ன அளவுகோலால் மதிக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

வாங்கப் போகிறவர்களுக்கு

எண்ணைப் பாருங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், கடன் பாக்கி, பாக்கி இருக்கும் அபராதச் சலான், வேறு ஆர்.டி.ஓ. எல்லை என்றால் என்.ஓ.சி., எல்லாம் பாருங்கள். அதற்குப் பிறகு “என்ன மாத்தலை?” என்று கேட்காமல் “என்னென்ன மாத்தினீங்க, யாரு மாத்தினாங்க?” என்று கேளுங்கள். பதில் விவரமாக வந்தால் அந்த வண்டிக்குக் கூடக் கொடுக்கலாம். ஒன்றுமே மாற்றவில்லை என்று பதில் வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

விற்கிறவர்கள் பில்லைக் கிழிக்காதீர்கள். மாமாவின் ஆர்.சி. கவருக்குள் மெக்கானிக் அண்ணன் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த கணக்கு இருக்கிறது: பேரிங், சீல், பிஸ்டன் கிட், வயரிங், கூலி. கூலிக்கு நேராகத் தொகை எழுதாமல் விட்டிருக்கிறார். விளம்பரத்தில் அந்தத் தாளின் படத்தையும் போட்டிருக்கிறேன். எழுபத்தைந்துக்குக் கேட்கிறேன். இதுவரை மூன்று பேர் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் வெள்ளம் என்றதும் வைத்துவிட்டார்கள். மூன்றாமவர் மெக்கானிக் கடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஞாயிறு லீவு என்றேன். வருகிறேன் என்றிருக்கிறார்.

இந்த வருடம்தான் வண்டியின் பதிவு முடிகிறது. நேற்று மாமாவிடம் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். “நீ எழுதிக்கிட்டே இரு, அங்க எஃப்.சி. முடியப் போகுது” என்றார்.