செவ்வாழையும் கோட்டையும்

அறிஞர் அண்ணாவைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் இரு வகையின. ஒன்று புகழ்மாலை, மற்றொன்று வசைமாலை. இரண்டையும் அவருடைய நூல் ஒன்றைக்கூடப் புரட்டாமலேயே தொடுத்துவிடலாம் என்பதுதான் வருத்தத்திற்குரியது. நாம் இங்கே மேற்கொள்வது வேறொரு முயற்சி. எழுத்தாளர் அண்ணா பிறரை அளப்பதற்கென்று ஓர் அளவுகோலை உருவாக்கினார். இரக்கம் என்பது அதன் பெயர். அதே கோலைக் கொண்டு முதலமைச்சர் அண்ணாவை அளந்தால் என்ன தெரிகிறது என்று பார்ப்போம்.

அவர் 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் நெசவாளர் குலத்தில் பிறந்தார். பச்சையப்பன் பள்ளியில் படித்தார். வீட்டு நிலை கருதி நகராட்சியில் சிறிது காலம் எழுத்தர் வேலை பார்த்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்று பொருளியலிலும் அரசியலிலும் முதுகலைப் பட்டம் பெற்றார். காஞ்சிக்கு வரும் வெளியூரார் கோபுரங்களைக் காண்கின்றனர். பட்டுக் கடைகளைக் காண்கின்றனர். தறிக்குழியில் கால் தொங்கவிட்டு நாளெல்லாம் குனிந்திருப்பவரைக் காண்பவர் சிலரே. பிறர் வீட்டு மணப்பெண்ணுக்காக மாதக்கணக்கில் பட்டு நெய்யும் கை, தன் மகளின் திருமணத்திற்கு அதே பட்டை வாங்க இயலாமல் தவிப்பது இவ்வூர்த் தெருக்களில் பழங்கதை.

இத்துயரத்தைத்தான் அண்ணா 'செவ்வாழை' என்னும் சிறுகதையில் வேறோர் உருவில் வைத்தார் என்று நாம் கருதுகிறோம். கதையில் தறி இல்லை, பட்டு இல்லை. செங்கோடன் என்னும் ஏழை உழவன் தன் கொல்லையில் ஒரு செவ்வாழைக் கன்றை நட்டு வளர்க்கிறான். அவனுடைய குழந்தைகள் நாளும் அதைச் சுற்றிச் சுற்றி வருகின்றனர். குலை தள்ளிப் பழுக்கும் வேளையில் பண்ணையார் வீட்டு விசேஷத்திற்கென்று அது போய்விடுகிறது. அந்தப் பழம் கடையில் விலைக்குத் தொங்க, வளர்த்த வீட்டுப் பிள்ளை வாங்க முடியாமல் திரும்புகிறான். இறுதியில் வெட்டுண்ட வாழைமரம் ஒரு சாவு வீட்டின் பாடையில் கட்டப்படுகிறது. அது தங்கள் வீட்டுச் செவ்வாழை என்று சிறுவன் கரியன் பெருமையோடு சொல்லிக்கொள்கிறான். தமிழ்ச் சிறுகதையில் இதனினும் கூர்மையான காட்சிகள் பல இல்லை.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. உழைப்பின் பயன் உழைத்தவனுக்குக் கிட்டாமற் போவதன் காரணம் அச்சிறுவனுக்கு எப்படிப் புரியும் என்று ஆசிரியரே முன்வந்து பேசத் தொடங்குகிறார். கரியனின் பெருமிதம் நம் நெஞ்சில் ஏற்படுத்திய வலியை மேடைப் பேச்சாளர் வந்து விளக்கிவிடுகிறார். விளக்கியவுடன் வலி சற்றே குறைந்துவிடுகிறது. (மறையுரை ஆற்றுவோர்க்கும் இக்குறை உண்டு, நல்ல உவமையைச் சொல்லிவிட்டு அதன் பொருளையும் சொல்லியே தீருவோம் என்று நிற்பதுண்டு.)

இது ஒரு கதையின் குறை மட்டுமன்று. காஞ்சிப் பட்டில் கோர்வை என்றொரு வேலைப்பாடு உண்டு. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரு நாடா என மூன்று நாடாக்கள் ஓட, வேறு வேறு நிறமுடைய உடலும் கரையும் பிரியாதபடி இணைக்கப்படும். அண்ணாவின் உரைநடையில் அடுக்குமொழியும் எதுகை மோனையும் கரை, கருத்து உடல். 'ஓர் இரவு' நாடகத்தில் இரண்டும் கோர்வையாகப் பொருந்தின. அதைக் கண்ட கல்கி அவரைப் பெர்னாட் ஷாவோடு ஒப்பிட்டு வியந்தார். பிற்கால எழுத்துகள் பலவற்றில் கரை அகன்றுகொண்டே போய் உடலை விழுங்கிவிட்டது. அவரைப் பின்பற்றிய மேடைப் பேச்சாளர்களிடம் கரை மட்டுமே எஞ்சியது.

'நீதிதேவன் மயக்கம்' இதற்கு விலக்கு. இராவணன் இரக்கமற்றவன், ஆகவே அரக்கன் என்று கம்பர் தீர்த்த வழக்கு அந்நாடகத்தில் மறு விசாரணைக்கு வருகிறது. இரக்கமின்மை குற்றமென்றால் இவர்களையும் கூண்டில் ஏற்றுங்கள் என்று தேவர்களையும் முனிவர்களையும் அரசர்களையும் இராவணன் ஒவ்வொருவராகச் சுட்டுகிறான். நீதிதேவன் பதில் சொல்ல இயலாமல் மயங்கி விழுகிறான். கம்பன் மீது அண்ணா தொடுத்த தாக்குதலில் ஒருதலைப்பட்சம் மிகுதி என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1943-இல் ரா. பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் அவர் நிகழ்த்திய சொற்போர்களிலும், 'கம்பரச'த்திலும், ஒரு பெருங்காவியத்தைச் சில பாடல்களுக்குள் சுருக்கி அளந்தார். எனினும் இந்நாடகம் எழுப்பும் வினா கம்பனைக் கடந்தது. இரக்கத்தை அளவுகோலாக வைத்தால் அதிகாரத்தில் அமர்ந்த எவர் தேறுவார்?

அவ்வினாவை எழுப்பியவரே அதிகாரத்தை நோக்கி நடந்தார். 1949 செப்டம்பர் 17 அன்று பெரியாரைப் பிரிந்து திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். பெரியாரின் கடவுள் மறுப்பையும் அப்படியே சுமக்கவில்லை. மனித குலம் ஒன்று, இறைவன் ஒருவன் என்னும் திருமூலரின் கொள்கையைத் தம் கழகத்தின் கொள்கையாக்கினார். 1953-இல் கைத்தறித் துணிகள் விலைபோகாமல் தேங்கி நெசவாளர் பட்டினி கிடந்தபோது, அவரும் தோழர்களும் துணிகளைத் தோளில் சுமந்து தெருவில் விற்றனர். அரசியல் விளம்பரம் என்று சிலர் இகழ்ந்தனர். விளம்பரமாகவே இருக்கட்டும், தறிக்காரன் வீட்டில் அன்று உலை ஏறியிருக்கும் அல்லவா?

1957-இல் காஞ்சிபுரம் அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பியது; 1962-இல் அதே காஞ்சி அவரைத் தோற்கடித்தது. அவ்வாண்டில் கழகம் பதினைந்திலிருந்து ஐம்பது இடங்களுக்கு வளர்ந்தது என்பதை எண்ணினால், சொந்த ஊரின் அத்தீர்ப்பு எத்துணைக் கசப்பாக இருந்திருக்கும்! மாநிலங்களவைக்குச் சென்றார். 1963-இல் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டார். சட்டத் திருத்தத்திற்கு அஞ்சிப் பின்வாங்கினார் என்பர் சிலர். சீனப் போரை அடுத்து நாடு இருந்த நிலையில், இயலாத ஒன்றைத் தொண்டர்களிடம் இயலாதது என்றே சொல்லிவிடும் துணிவை நாம் கோழைமை என்று எண்ணவில்லை. இத்துணிவுக்கு உதவியது 'தம்பிக்கு' என்று தொடங்கும் அவருடைய மடல்கள். திருத்தூதர் பவுலின் திருமுகங்கள் சபை நடுவே உரக்க வாசிக்கப்பட்டாற் போல, இம்மடல்கள் படிப்பகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டவை. மேடையில் கடல் போல் முழங்கியவர் மடலில் தணிந்து பேசினார். அவருடைய உரைநடையில் நிலைத்து நிற்கக்கூடியது இம்மடல்களின் ஒரு பகுதியே என்பது நம் துணிபு.

1967 மார்ச் 6 அன்று கோட்டைக்குள் நுழைந்தார். மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தேர்தலில் முழங்கிய அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்ற அளவில் வந்து, கருவூலத்தின் கணக்கு இடங்கொடாமல் நின்றது. எதுகைக்குப் பணம் கட்ட வேண்டிய நாள் அது. மறுபுறம், சென்னை மாநிலம் தமிழ்நாடாயிற்று. சுயமரியாதைத் திருமணம் சட்ட ஏற்புப் பெற்றது. 1968-இல் இருமொழிக் கொள்கை வந்தது. அதே ஆண்டு சனவரியில், தனிநாயகம் அடிகளார் வித்திட்ட உலகத் தமிழ் மாநாடு சென்னையில் கூடியபோது, கடற்கரையில் வீரமாமுனிவருக்கும் போப்பையருக்கும் கால்டுவெல்லுக்கும் சிலைகள் எழுந்தன. கம்பனுக்கும் எழுந்தது. 'கம்பரசம்' எழுதியவரின் ஆட்சியில் தனக்கொரு சிலை கண்டு கம்பன் புன்னகைத்திருப்பான்! தம் பழைய பகையை அரசின் பகையாக்காத பெருந்தன்மை அது. அவ்வாண்டே உரோமையில் திருத்தந்தை ஆறாம் பவுலைச் சந்தித்தபோது, கோவா விடுதலைக்காகப் போராடிப் போர்த்துக்கல் சிறையில் ஆண்டுக்கணக்கில் வாடிய மோகன் ரானடேயின் விடுதலைக்கு உதவுமாறு வேண்டினார். ரானடே 1969 சனவரியில் விடுதலையானார்.

பிறகு கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு. நம் ஆலயங்களில் பாலன் பிறப்பு கொண்டாடப்பட்ட அதே நாளில், கீழத்தஞ்சையில் கூலியாகச் சற்றே கூடுதல் நெல் கேட்ட தலித் மக்களின் குடியிருப்பில் தீ வைக்கப்பட்டது. குடிசை ஒன்றில் தஞ்சம் புகுந்த நாற்பத்து நான்கு பேர் வெந்து மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். செங்கோடன்களும் கரியன்களும்தாம் அங்கே எரிந்தனர். அப்போது கோட்டையில் இருந்தவர் 'செவ்வாழை'யின் ஆசிரியர். அவர் புற்றுநோயால் நலிந்திருந்தார். செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை பெற்றுத் திரும்பியிருந்தார். அமைச்சர்களை அங்கு அனுப்பினார். இவையெல்லாம் உண்மை. நோயாளியைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. ஆனால் பல மாதங்களாக அப்பகுதியில் கூலிப் பூசல் முற்றிவந்ததை ஓர் அரசு எப்படிக் கண்டும் காணாதிருந்தது என்ற வினாவுக்கு நோய் விடையாகாது. பண்ணையார் வீட்டுக் கணக்கை நன்கு அறிந்த எழுத்தாளரின் ஆட்சியில், பண்ணையாளின் புகாரைக் கேட்கும் செவி காவல்துறைக்கு வாய்க்கவில்லை. அவரது சொல் நாட்டையே அசைத்தது. தாலுகா அலுவலகத்தை அசைக்கவில்லை.

அண்ணா 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்க்கு நியாயக் கூலி வகுக்கும் சட்டம் அவ்வாண்டில் பிறந்தபோது அவர் இல்லை. வெண்மணி வழக்கில் முதலில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை, சொந்தமாகக் காரும் பெருநிலமும் உடையவர்கள் தாமே நேரில் சென்று தீ வைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதன்று எனக் கருதி உயர்நீதிமன்றம் விடுவித்தபோதும் அவர் இல்லை. 'நீதிதேவன் மயக்க'த்திற்கு இன்னுமொரு காட்சி எழுத வேண்டியவர் அவர்தாம்.