வைக்கோல் மெத்தை

நியூயார்க்கில் பனிக்காலம் தொடங்குமுன் தன்னார்வலர்கள் கூடித் தெருப்பூனைகளுக்கு வீடு செய்கிறார்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, அதன் உட்சுவரில் தெர்மாகோல் பலகை, நடுவே வைக்கோல். ஒருவர் அளந்து கோடு போட, இன்னொருவர் ஏறக்குறைய 6 அங்குல அகலத்தில் வாசல் அறுக்கிறார். வாசல் அடிமட்டத்திலிருந்து சற்று உயரத்தில் இருந்தால் மழைநீர் உள்ளே வராது.

கம்பளி விரிக்கலாமே என்று தோன்றும். கூடாது. அது ஈரத்தை உறிஞ்சி, பூனையின் உடற்சூட்டைப் பறித்துவிடும். வைக்கோலில் ஈரம் அவ்வளவாகத் தங்காது. பூனை அதற்குள் புதைந்து படுத்துக்கொள்ளும். பெட்டி சிறியதாக இருப்பதிலும் கணக்கு உண்டு: உள்ளே இருக்கும் பூனைகளின் சூடே அதைக் கதகதப்பாக்கிவிடும்.

தொடக்கூட விடாத உயிருக்காக இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறார்களே, அதுதான் இந்த வேலையின் அழகு.