அயலான் யார்?

'அயல்' என்னும் தமிழ்ச் சொல் விந்தையானது. அயல்வீடு என்றால் சுவருக்கு அப்பால் உள்ள வீடு. அயல்நாடு என்றால் கடலுக்கு அப்பால் உள்ள நாடு. மிக அருகில் வாழ்பவனையும் மிகத் தொலைவில் வாழ்பவனையும் ஒரே சொல்லால் சுட்டும் மொழி நம்முடையது. சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் நல்ல சமாரியன் உவமையைக் கேட்டபோது, அயலான் என்ற சொல்லே நம் காதில் விழுந்தது. இன்று அவ்விடத்தில் 'அடுத்திருப்பவர்' அமர்ந்திருக்கிறார். பொருள் தெளிவாயிற்று; ஆனால் பழைய சொல் தன்னுள் வைத்திருந்த அந்த இரட்டைப் பொருள் மறைந்துபோயிற்று.

அதை எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு திரைப்படம் மீட்டுத் தந்தது. 2024 பொங்கலையொட்டி, சனவரி 12 அன்று வெளியான 'அயலான்' வேற்றுலகவாசி ஒருவன் சென்னைக்கு வந்து சேரும் நகைச்சுவைக் கதை. இயக்கியவர் ஆர். இரவிக்குமார்; 2015-இல் 'இன்று நேற்று நாளை' என்ற படத்தில் காலப் பயணத்தைக் கலகலப்பாகச் சொன்னவர். எம். புதுப்பட்டியில் கோடை விடுமுறை நாளொன்றில் இளையோருடன் அமர்ந்து இப்படத்தைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பெரும்பாலும் பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பெற்றோர் செய்யும் வாணங்கள் எங்கெங்கோ வானத்தை அலங்கரிக்க, அந்த வானத்திலிருந்து ஒருவன் இறங்கி வருவதை இவர்கள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள்.

நம் பகுதிக்கு இத்தகைய கதைகள் புதியனவல்ல. 1972-இல் முத்து காமிக்சும் 1984-இல் லயன் காமிக்சும் தோன்றி, மாயாவிகளையும் எந்திர மனிதர்களையும் சிவகாசியிலிருந்து தமிழ்நாட்டுச் சிறுவர்கள் கைக்கு அனுப்பின. திரையிலும் இதற்கு முன்னோடி உண்டு. ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' 1963-இல் வந்தது. அதில் கலையறியாத வேற்றுக் கோளினர் பூமிக்கு வந்து, பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். அன்று வந்தவர்கள் நம் செல்வத்தைப் பறிக்க வந்தார்கள். 'அயலான்' அதைத் தலைகீழாக்குகிறது. இங்கே வருபவன் தன் பொருளை மீட்க வருகிறான். பறித்து வைத்திருப்பவன் மனிதன். விண்ணிலிருந்து விழுந்த 'ஸ்பார்க்' என்னும் பொருளைக் கொண்டு பூமியை ஆழத் துளைத்து, உயிர்களை அழிக்கவல்ல வாயுவை எடுக்க முனைகிறான் ஆரியன் என்ற பெருமுதலாளி. அவனை எதிர்த்து நிற்பது, பூம்பாறை மலைக்கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்த தமிழ் என்ற உழவன். சிவகார்த்திகேயன் அப்பாத்திரத்தை எளிமையாகச் செய்திருக்கிறார். சித்தார்த்தின் குரலில் பேசும் அந்த வேற்றுலகவாசி, கணினி வரைகலையில் பிறந்தவன் என்பதை மறக்குமளவுக்குப் பிள்ளைகளின் மனத்தில் இடம்பிடித்துவிட்டான். இரட்டைப் பொருள் வசனமோ குருதிக் காட்சியோ தேவைப்படாமல் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும் படங்கள் அருகிவிட்ட காலத்தில் இதற்கு நாம் நன்றி சொல்லவே வேண்டும்.

ஆயினும் நமக்கொரு குறை உண்டு. படத்தின் நாயகன் தொடக்கத்திலேயே எல்லா உயிர்களையும் நேசிப்பவன். அயலான் வருகிறான், அவனோடு தோழமை கொள்கிறான், அவன் ஆற்றலின் துணையோடு பகைவனை வெல்கிறான். படம் முடியும்போதும் அதே நல்லவனாகவே நிற்கிறான். அயலானின் வருகை அவனிடம் ஆற்றலைச் சேர்க்கிறதேயன்றி, அவன் நெஞ்சில் எதையும் புரட்டிப் போடவில்லை. திரைக்கு முன் அமர்ந்திருக்கும் நாமும் நாயகனோடு சேர்ந்து நல்லவர்களாகவே வீடு திரும்பிவிடுகிறோம். தொலைவிலிருந்து வரும் அயலானை நேசிப்பது இவ்வளவு எளிதாக இருப்பதுதான் நம்மை உறுத்துகிறது.

இதே கருவை 1962-இல் சத்யஜித் ராய் 'சந்தேஷ்' என்னும் வங்காளச் சிறுவர் இதழில் கையாண்டார். 'பங்குபாபுவின் நண்பன்' என்ற அச்சிறுகதையில் வருபவர் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர். மாலைதோறும் வழக்கறிஞர் வீட்டில் கூடும் நண்பர்கள் அவரைக் கேலிப்பொருளாக்கி மகிழ்வார்கள். அவரோ வாய் திறவாமல் பொறுத்துக்கொள்வார். ஓரிரவு வீடு திரும்பும் வழியில், மூங்கில் தோப்பில், வழிதவறி இறங்கிய வேற்றுலகவாசியைச் சந்திக்கிறார். அவனும் அவர் மொழியையே பேசுகிறான். அவன் அவருக்கு எந்த ஆற்றலையும் தரவில்லை. அவர் கண்டிராத உலகின் காட்சிகள் சிலவற்றைக் காட்டுகிறான். பிறகு, அவர் நல்லவர்தாம் என்றாலும் அளவுக்கு மீறிப் பணிந்துபோகிறார் என்று சொல்லிச் செல்கிறான். மறுநாள் பங்குபாபு நண்பர்கள் முன் நிமிர்ந்து நின்று பேசுகிறார். வேற்றுலகவாசி போய்விட்டான், சரிசெய்யப்பட்டது பக்கத்துவீட்டு உறவு. மிகத் தொலைவிலிருந்து வந்தவன் மிக அருகில் இருந்த அநீதியைச் சுட்டிக்காட்டினான். இவ்வகை நகைச்சுவைக் கதையின் வேலையே அதுதான் என்பது நம் கருத்து. 'அயலான்' அந்தப் பயணத்தில் பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது.

பகைவன் விடயத்திலும் இதே குறைதான். கொடிய வாயுவுக்கு ஒரே ஒரு தீயவன் காரணம். அவன் வீழ்ந்தால் ஆபத்தும் வீழ்ந்துவிடும் என்கிறது கதை. மருந்தோடு நாள்தோறும் பழகும் நம் மக்களுக்கு ஆபத்து இப்படித் தனியொரு முகத்தோடு வருவதில்லை. கடும் வெயில், உராய்வு, தீபாவளிக்கு முந்தைய அவசரம், எண்ணிக்கைக் கணக்கில் கிடைக்கும் கூலி, நால்வர் இருக்க வேண்டிய அறையில் எண்மர் எனப் பல முகங்களில் அது வருகிறது. ஆரியன் தோற்றபோது அரங்கம் கைதட்டியது. நம் அருகில் இருந்த சிறுவன் மட்டும், "அங்க வேல பாத்தவங்க எல்லாம் என்ன ஆனாங்க சாமி?" என்று கேட்டான். படத்தில் அதற்கு விடையில்லை.

அந்தக் குறையை நிறைவு செய்தவர்களும் இப்பிள்ளைகளே. படம் பார்த்த மறுவாரம், வேற்றுலகவாசி எம். புதுப்பட்டியில் இறங்கினால் என்ன நடக்கும் என்று ஒரு குறுநாடகம் நடித்துக் காட்டினார்கள். உடலெல்லாம் வெள்ளித்தாள் சுற்றிக்கொண்டு ஒருவன் வந்து நின்றான். திண்ணையில் இருந்த 'பெரியவர்' கேட்டார்:

"எந்த ஊரு தம்பி?"

"மேலேயிருந்து வர்றேன்."

"மேலத்தெருவா?"

"அதுக்கும் மேல."

"அதுக்கும் மேல ஏது தெரு? சரி, நீங்க என்ன ஆளுக?"

"நான் ஆளே இல்லீங்க."

அரங்கம் குலுங்கியது. அடுத்து, தேநீர் கொண்டுவந்த சிறுமி தயங்கி நின்று பெரியவரிடம் கேட்டாள்: "இவருக்கு எந்த டம்ளர்ல குடுக்க?"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. அதற்குப் பின் நாடகத்தை எப்படி முடிப்பது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. வெள்ளித்தாள் பையன் தேநீருக்காகக் கை நீட்டியபடியே நிற்க, அத்துடன் நிறுத்திவிட்டார்கள்.

நெடுங்காலமாக மறையுரையில் சொல்லியும் நாம் உண்டாக்க இயலாத அமைதி அது. சினம் கொண்டு சொல்லியிருந்தால் காதுகள் அடைத்திருக்கும். சிரித்துத் திறந்திருந்த நெஞ்சுக்குள் கேள்வி நேராகப் போய்விட்டது. பிறரைக் குறை கூறும் தகுதி நமக்கும் இல்லை. புதிய பங்கிற்கு மாற்றலாகிச் சென்ற முதல் வாரத்திலேயே எந்தத் தெரு யாருடையது என்று விசாரித்து அறிந்தவர்கள் நாம். மேய்ப்புப் பணிக்குத் தேவை என்று அதற்குக் காரணமும் வைத்திருந்தோம். 'என்ன ஆளு' என்ற கேள்வி, திருமுழுக்குப் பெற்ற மக்களிடையேயும் கல்லறை வரை தொடர்ந்து வந்திருப்பதை அறியாதவர் நம்மில் யார்?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014 மே மாதம் தம் காலைத் திருப்பலி மறையுரையில் ஒரு வேடிக்கையான கற்பனையைச் சொன்னார். பிள்ளைகள் வரைவதுபோல் பச்சை நிறமும் நீண்ட மூக்கும் பெரிய காதுகளும் கொண்ட செவ்வாய்க் கோளினர் வந்து, அவர்களில் ஒருவர் திருமுழுக்குக் கேட்டால் என்ன நடக்கும் என்பதே அது. கேட்டவர்கள் சிரித்திருக்கக்கூடும். ஆனால் அவர் விளக்கிக்கொண்டிருந்த வாசகம் செவ்வாயைப் பற்றியதன்று. விருத்தசேதனம் இல்லாதார் வீட்டுக்குள் பேதுரு எப்படிச் சென்று அவர்களோடு உண்ணலாம் என்று எருசலேமில் எழுந்த முறையீட்டைப் பற்றியது. அங்கும் சிக்கல் உணவுக் கலத்தில்தான் தொடங்கியது.

ஊர்த் திருவிழாவில் அந்நாடகத்தை மேடையேற்ற வேண்டும் என்று இளையோர் விரும்புகின்றனர். பெரியவர்கள் சிலர் நம்மிடம் வந்து, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, அந்த டம்ளர் வசனத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றனர். அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் வெள்ளித்தாள் என்றோம். அவர்கள் மனம் நிறையாமலேயே சென்றனர். நாமும் அன்றிரவு மன அமைதியோடு உறங்கினோம் என்று சொல்வதற்கில்லை.

பெற்றோர்களே, 'அயலான்' படத்தைப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். அது நல்ல பொழுதுபோக்கு. வாய்ப்புக் கிடைத்தால் ராயின் சிறுகதையையும் படித்துக் காட்டுங்கள். பிறகு, வேற்றுலகவாசி நம் தெருவுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று நடித்துக் காட்டச் சொல்லுங்கள். எம். புதுப்பட்டி நாடகத்துக்கு இன்னும் முடிவு எழுதப்படவில்லை. அந்தப் பையனின் கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது.