வாக்கில்லாத போர்: ஈழமும் கிள்ளான் பள்ளத்தாக்கின் கட்சி அரசியலும்

இலங்கையின் உள்நாட்டுப் போர் 1983இல் தொடங்கி 2009இல் முடிந்தது. அந்தக் காலத்திலும் அதன் பின்னரும் அங்கு நடந்த அதிபர் தேர்தல்களில் போரை யார் நடத்துவது, யார் முடிப்பது, முடித்த பெருமை யாருக்கு என்பவையே பெரும்பாலும் மையக் கேள்விகளாக இருந்தன. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வாழும் தமிழர்கள் மலேசியக் குடிமக்கள். அத்தேர்தல்களில் அவர்களுக்கு வாக்கில்லை. வெளிநாட்டில் வாழும் இலங்கைக் குடிமக்களுக்கும் அங்கிருந்தபடி வாக்களிக்க வழியில்லை. ஆயினும் மலேசிய இந்தியர்களின் ஆதரவை நாடிய கட்சிகள் அந்தப் போரைத் தங்கள் மேடைக்குக் கொண்டுவந்தன. போரின் போக்கை மாற்ற முடியாத ஓர் இடத்தில் அதைப் பற்றிய கட்சிவாதம் எப்படி நடந்தது, எதைச் சார்ந்து மாறியது என்பதைக் கொழும்பு, சென்னை, ஜெனீவா நிகழ்வுகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

பிரிக்பீல்ட்ஸ் முதல் தோட்டப்புறம் வரை

மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள்சேர்த்து அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். யாழ்ப்பாணத் தமிழர் சிறு தொகையினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாக வந்தவர்கள் அவர்கள். ரயில்வே ஊழியர்களுக்காக 1905இல் நூறு குவார்ட்டர்ஸ் கட்டப்பட்ட கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் அவர்களுடைய முதல் பேட்டைகளில் ஒன்று. அங்கே ஸ்காட் சாலையில் அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் இருக்கிறது. அதே பிரிக்பீல்ட்ஸில், பெர்ஹாலா சாலையில், 1894இல் சிங்களவர்கள் நிறுவிய பௌத்த மகா விகாரையும் இருக்கிறது. ஒரே தீவிலிருந்து வந்த இரு சமூகங்கள் ஒரே வட்டாரத்தில் நூறாண்டுக்கும் மேலாக அடுத்தடுத்துக் குடியிருக்கின்றன. இலங்கையில் போர் மூண்ட பிறகும் இந்த அண்டைவாழ்வு குலையவில்லை.

இதனால் ஈழப் போர் மலேசியத் தமிழருக்கு இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாண வழியினருக்கு அது உறவினர் வீட்டுச் செய்தி. தோட்டப்புறத்திலிருந்து கிள்ளான், காப்பார் போன்ற ஊர்களுக்குக் குடிபெயர்ந்த பெரும்பான்மையினருக்கு அது நாளிதழ், தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி, மேடைப்பேச்சு வழியாக வந்த இன உணர்வு. கட்சிகள் குறிவைத்தது இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான், ஏனெனில் வாக்குகள் அங்கேதான் இருந்தன.

வெளிநாட்டுப் போர் ஒன்றிலிருந்து அரசியல் பிறப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ், அதாவது மஇகா, ஜான் திவியின் தலைமையில் தொடங்கப்பட்டது. ஜான்சி ராணிப் படையில் துணைத் தளபதியாக இருந்த ஜானகி ஆதி நாகப்பன் அதன் நிறுவனர்களில் ஒருவர். பின்னாளில் ஆளும் கூட்டணியின் அடக்கமான உறுப்பாக அறியப்பட்ட கட்சிக்கு, கடல் கடந்த போரொன்றில் பங்கேற்றவர்களே அடித்தளமிட்டனர்.

கொழும்பில் நடந்த தேர்தல்கள்

1988 டிசம்பர் 19 அன்று நடந்த அதிபர் தேர்தலின்போது இந்திய அமைதிப்படை வடகிழக்கில் தமிழீழ விடுதலைப் புலிகளோடு போரிட்டுக்கொண்டிருந்தது. ரணசிங்க பிரேமதாச, சிறிமாவோ பண்டாரநாயக்க என்ற இரு முதன்மை வேட்பாளர்களுமே அந்தப் படையைத் திருப்பி அனுப்புவதாக உறுதியளித்தனர். பிரேமதாச வென்றார். 1990 மார்ச் 24 அன்று கடைசி இந்திய வீரர்கள் வெளியேறினர். சென்னையில் இறங்கிய படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி செல்லவில்லை. அது இந்தியாவிலும் கட்சிச் சண்டைக்குப் பொருளானது.

2005 நவம்பர் 17 தேர்தல் தமிழர் அரசியலில் இன்றளவும் ஆறாத விவாதம். புலிகளின் நிலைப்பாட்டையொட்டி வடக்குத் தமிழர் வாக்குச்சாவடிகளைப் புறக்கணித்தனர். யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவான வாக்குகள் 1.2 விழுக்காடு. மகிந்த ராஜபக்ச ரணில் விக்ரமசிங்கவை 1,80,786 வாக்குகளில் வென்றார். வடக்கு வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பது ஒரு தரப்பின் வாதம். ரணிலின் சமாதான முயற்சி புலிகள் இயக்கத்தைப் பிளக்கும் பொறி என்பது மறுதரப்பின் வாதம்.

2010 ஜனவரி 26 தேர்தலில் நிலைமை இன்னும் விசித்திரமானது. போரை நடத்திய அதிபரும், அதே போரில் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய சரத் பொன்சேகாவும் எதிரெதிரே நின்றனர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவை ஆதரித்தது. ராஜபக்ச 57.88 விழுக்காடு பெற்று வென்றார், ஆனால் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு மாவட்டங்களில் பொன்சேகாவே முன்னிலை பெற்றார். தம்மீது போர்தொடுத்த தளபதிக்குத் தமிழர் வாக்களித்ததைப் புலம்பெயர் நாடுகளில் பலரால் ஏற்க முடியவில்லை. கைக்கெட்டியதில் குறைந்த தீமையைத் தேர்ந்தெடுத்த ஊர்க்காரரின் கணக்கும், தூரத்தில் இருப்பவரின் கொள்கைப்பிடிப்பும் இங்கே வெளிப்படையாகப் பிரிந்தன.

2007 முதல் 2009 வரை

மலேசியாவில் இந்தப் போர் தேர்தல் சொல்லாடலுக்குள் நுழைந்தது அரசாங்கத்தின் வாய்வழியே. 2007 நவம்பர் 25 அன்று இந்து உரிமை இயக்கமான இண்ட்ராப் கோலாலம்பூரில் நடத்திய பேரணியில் பல்லாயிரம் இந்தியர்கள் திரண்டனர். அவர்களுடைய கோரிக்கைகள் கோயில் இடிப்பு, வேலை, கல்வி, வறுமை பற்றியவை. ஈழம் அவற்றில் இல்லை. ஆனால் அடுத்த சில வாரங்களில் காவல்துறைத் தலைவரும் அரசாங்கத் தலைமை வழக்கறிஞரும் இண்ட்ராபுக்குப் பயங்கரவாத அமைப்புகளோடு தொடர்பு உண்டென்று கூறினர். புலிகளின் பெயரும் அடிபட்டது. இண்ட்ராப் மறுத்தது. டிசம்பரில் அதன் தலைவர்கள் ஐவர் இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றிக் கமுந்திங் முகாமில் அடைக்கப்பட்டனர்.

அதன் விளைவை 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் கிள்ளானில் நேரடியாகக் காணலாம். ஐவரில் ஒருவரான மனோகரனை ஜனநாயக செயல் கட்சி, அதாவது ஜசெக, கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் நிறுத்தியது. வேட்பாளர் முகாமில் இருக்க, அவருக்காக மற்றவர்கள் செராமா எனும் பிரசாரக் கூட்ட மேடைகளில் பேசினர். அவர் வென்றார். 2004இல் போட்டியிட்ட 9 நாடாளுமன்றத் தொகுதிகளையும் வென்ற மஇகா, இம்முறை மூன்றை மட்டுமே தக்கவைத்தது. 1979 முதல் கட்சித் தலைவராக இருந்த சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். சிலாங்கூர் எதிர்க்கட்சிகளின் வசமானது. பயங்கரவாதக் குற்றச்சாட்டு வாக்காளரை அச்சுறுத்தவில்லை. தங்கள் குறைகளைக் கேட்காமல் பழிசுமத்துகிறார்கள் என்ற கோபத்தையே அது கிளறியது.

மனோகரன் 2009 மே மாதம் விடுதலையானபோது முள்ளிவாய்க்காலில் போர் முடியச் சில நாட்களே இருந்தன. அந்த மாதங்களில் கோலாலம்பூரில் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. ஜசெகவின் ப. இராமசாமி பினாங்கின் துணை முதலமைச்சராகவும், சார்ல்ஸ் சந்தியாகோ கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தனர். கூட்டரசு அளவில் எதிர்க்கட்சி வரிசையில் இருந்த அவர்கள் இலங்கை அரசை வெளிப்படையாகக் கண்டிக்க முடிந்தது. அமைச்சரவையில் இடம்பெற்ற மஇகாவோ வெளியுறவு அமைச்சின் கொள்கையைத் தாண்டிப் பேச முடியாத நிலையில் இருந்தது. பிற நாட்டு உள்விவகாரத்தில் தலையிடாமை என்பது விஸ்மா புத்ராவின், அதாவது அந்த அமைச்சின், நெடுநாள் நிலைப்பாடு.

அதே வாரங்களில் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் நடந்தது. அங்கும் எல்லாக் கட்சிகளும் ஈழத்தைப் பேசின. ஜெயலலிதா தனி ஈழமே தீர்வு என்றார். கருணாநிதி ஏப்ரல் 27 அன்று அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் இருந்தார். மே 16 முடிவுகளில் திமுக அணி 39இல் 27 இடங்களைப் பிடித்தது. ஈழம் வாக்கைத் தீர்மானிக்கும் என்ற எதிர்பார்ப்பு, போர் நடந்துகொண்டிருந்தபோதே பொய்த்தது. மலேசியாவிலும் 2008 வாக்கைத் திருப்பியவை உள்ளூர்க் குறைகளே.

ஜெனீவாவில் மலேசியாவின் கை

கட்சிவாதம் அரசின் செயலை அசைத்ததா என்பதை அளக்க ஒரு பதிவு உண்டு: ஐ.நா. மனித உரிமைப் பேரவை வாக்கெடுப்பு. 2009 மே 27 அன்று இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தை 29 நாடுகள் ஆதரித்தன, 12 எதிர்த்தன, 6 விலகி நின்றன. மலேசியாவும் இந்தியாவும் ஆதரித்த 29இல் அடக்கம். 2012 மார்ச்சில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் இலங்கையிடம் பொறுப்புக்கூறலைக் கேட்டது. 24 நாடுகள் ஆதரித்தன, 15 எதிர்த்தன, விலகி நின்ற எட்டில் மலேசியா ஒன்று. 2013 மார்ச் 21 அன்றும் மலேசியா விலகியே நின்றது. அடுத்த இரு வாரங்களுக்குள் மலேசிய நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, மே 5 அன்று பொதுத்தேர்தல்.

ஆதரவிலிருந்து விலகலுக்கு நகர்ந்தது சிறு மாற்றமன்று. இந்தியர் வாக்குகளை மீட்கப் பிரதமர் நஜிப்பின் அரசாங்கம் முயன்ற ஆண்டுகள் அவை. 2013 ஏப்ரல் 18 அன்று இண்ட்ராபின் வேதமூர்த்தியோடு ஒப்பந்தமும் செய்துகொண்டது. அமெரிக்க உறவு உட்பட வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். எப்படியாயினும், விலகல் இரு தரப்பு மேடைக்கும் வசதியாக அமைந்தது. இலங்கையின் பக்கம் நிற்கவில்லை என்று ஆளுந்தரப்பு சொல்லிக்கொள்ளலாம். தமிழர் பக்கம் நிற்கவில்லை என்று எதிர்த்தரப்பு சாடலாம்.

சட்டம் குறுக்கிட்ட காலம்

போர் முடிந்தபின் கோலாலம்பூர் வேறொரு வகையில் செய்தியானது. 2009 ஆகஸ்டில் புலிகளின் அப்போதைய தலைமையை ஏற்றிருந்த குமரன் பத்மநாதன் இந்நகரில் பிடிபட்டுக் கொழும்புக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 2014இல் மலேசியா விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. அதுவரை கருத்துநிலையாக இருந்த ஈழ ஆதரவு, இனிக் குற்றவியல் சட்டத்தின் நிழலில் வந்தது. 2016 செப்டம்பரில் ராஜபக்ச ஆசிய அரசியல் கட்சிகள் மாநாட்டுக்காகக் கோலாலம்பூர் வந்ததை எதிர்த்து ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. அந்த நாட்களில் இலங்கைத் தூதர் இப்ராகிம் சாகிப் அன்சார் விமான நிலையத்தில் தாக்கப்பட்டார். எதிர்ப்பின் நியாயத்தைப் பேசவந்தவர்களுக்கு அத்தாக்குதல் பெரும் சங்கடமானது.

உண்மையான சோதனை 2018 மே 9 தேர்தலுக்குப் பிறகு வந்தது. பத்தாண்டுகள் எதிர்க்கட்சி மேடையில் ஈழம் பேசியவர்கள் ஆளுங்கட்சியானார்கள். அவர்களுடைய நம்பிக்கைக் கூட்டணியின் தேர்தல் அறிக்கை சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டத்தின் கொடிய பிரிவுகளை நீக்குவதாக உறுதியளித்திருந்தது. 2019 அக்டோபரில் அதே சொஸ்மாவின் கீழ் இரு கட்டங்களாக 12 பேர் கைதாயினர். அவர்களில் காடேக் சட்டமன்ற உறுப்பினர் சாமிநாதன், சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் குணசேகரன் இருவரும் ஜசெகவினர். புலிகளின் மாவீரர் நாள் நிகழ்ச்சியில் கலந்துகொண்டது, கைபேசியில் அவர்களின் தலைவர் பிரபாகரனின் படங்கள் வைத்திருந்தது போன்றவை குற்றச்சாட்டுகளில் இடம்பெற்றன. இலங்கையில் கோத்தபய ராஜபக்சவை அதிபராக்கிய நவம்பர் 16 வாக்கெடுப்பு நடந்தபோது இவர்கள் காவலில் இருந்தனர்.

ஆளும் கூட்டணிக்குள்ளேயே பிளவு தெரிந்தது. உள்துறை அமைச்சும் காவல்துறையும் ஒருபுறம், சொஸ்மாவைப் பயன்படுத்தியதைக் கேள்விகேட்ட இந்திய வம்சாவளி அமைச்சர்கள் மறுபுறம். நவம்பர் 29 அன்று உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான், ஜாமீன் மறுக்கும் சொஸ்மா 13ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். 2020 பிப்ரவரி 21 அன்று அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் டோமி தோமஸ் 12 பேர்மீதான 34 குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். தோற்கடிக்கப்பட்ட இயக்கமொன்றின் தலைவர் படத்தை வைத்திருப்பது பயங்கரவாதச் செயலாகாது என்பது அவர் முடிவின் சாரம். சே குவேராவின் படத்தை வைத்திருப்போரையும் அவர் ஒப்பிட்டார். மூன்று நாட்களில் பிரதமர் மகாதீர் பதவி விலகினார், அரசாங்கம் கவிழ்ந்தது.

ஒருமித்த போர், பிளவுபட்ட போர்

மலேசிய அரசியலில் எல்லா வெளிநாட்டுப் போர்களும் கட்சிச் சண்டையாவதில்லை. 1990களில் போஸ்னியாவுக்கு மலேசியா படை அனுப்பியது. பாலஸ்தீனத்தை அம்னோ, பாஸ், பிகேஆர் மூன்றுமே ஆதரிக்கின்றன. 2023 அக்டோபர் 24 அன்று புக்கிட் ஜாலிலில் பிரதமர் அன்வார் கலந்துகொண்ட பாலஸ்தீன ஆதரவுப் பேரணி நடந்தது. டிசம்பரில் இஸ்ரேலிய கப்பல் நிறுவனமான ஸிம்முக்கு மலேசியத் துறைமுகங்கள் மூடப்பட்டன. கிள்ளான் துறைமுகமும் இதில் அடக்கம். பாலஸ்தீன விவகாரத்தில் போட்டி யார் உரக்க ஆதரிப்பது என்பதில் மட்டுமே. பெரும்பான்மை வாக்காளரின் மன உணர்வும் வெளியுறவுக் கொள்கையும் ஒரே திசையில் செல்வதால் பிளவுக்கு இடமில்லை.

ஈழத்துக்கு அந்த நிலை வாய்க்கவில்லை. இந்தியர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடு. அவர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. மற்ற இனத்தாரின் வாக்கையும் சேர்த்தே எந்த வேட்பாளரும் வெல்ல முடியும். எனவே ஈழத்துக்காகப் பேசும் கட்சிக்கு அதை அரசின் கொள்கையாக்கும் வலு இல்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்வரை பேச்சுக்கு விலையில்லை. அமைச்சர் பதவி கிடைத்ததும் விலை வந்துவிடுகிறது. 2009இல் மஇகா இருந்த இடத்தில் 2019இல் ஜசெக இருந்தது, இரண்டும் ஏறக்குறைய ஒரே நெருக்கடியைச் சந்தித்தன. கட்சிகளின் ஈழ நிலைப்பாட்டைக் கொள்கையைவிட நாடாளுமன்றத்தில் அவை அமர்ந்த வரிசையே அதிகம் தீர்மானித்தது. மலேசியத் தமிழருக்காகப் பேச உரிமை பெற்றவர் யார் என்ற உள்ளூர்ப் போட்டியை நடத்துவதற்கு ஈழம் ஒரு மொழியாகப் பயன்பட்டது. கொழும்பின் தேர்தல் முடிவுகளில் அந்தப் போட்டிக்குப் பங்கில்லை. ஜெனீவாவில் அரசு எடுத்த விலகல் மட்டுமே, ஓரளவுக்கு அதன் பயன் என்று சொல்லத்தக்கது.