பிசகில் இருக்கும் நேர்த்தி

ஒரு வேலைப்பாட்டில் பிசகே இல்லை என்பதைத்தான் நாம் பெரிய பாராட்டாகச் சொல்கிறோம். அந்த அளவுகோல் எல்லா இடத்திலும் செல்லாது என்பதற்கு எம் புரதத்தைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. தொண்டைப்புண்ணிலிருந்து தசையை அழுகவைக்கும் கொடிய தொற்றுவரை பல நோய்களைத் தரும் குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் மேற்பரப்பில், மெல்லிய இழைகளாக அடர்ந்து நீட்டிக்கொண்டிருப்பது இந்தப் புரதம். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் 1928-இல் இதை இனங்கண்டு சொன்னார். இதன் முக்கியமான ஒரு பகுதி எக்ஸ்ரே படிகவியலில் அணு அளவில் துலங்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எம் புரதத்தின் வலிமையும் அழகும் அது எங்கெங்கே ஒழுங்கு தவறுகிறதோ அங்கங்கேதான் குடியிருக்கின்றன என்பது அப்போது தெரிந்தது.

ஒழுங்கைப் பார்த்தால்தான் பிசகு புரியும். ஆல்ஃபா சுருள் என்ற புரத வடிவத்தில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். இரண்டு சுற்றுக்கு 7.2. ஏழு ஏழாக எண்ணிக்கொண்டே போனால், ஒவ்வொரு ஏழிலும் முதலாவதும் நான்காவதும் சுருளின் ஏறக்குறைய ஒரே பக்கத்தில் வந்து விழும். அந்த இடங்களில் லூசின், வேலின் போன்ற, தண்ணீரோடு ஒட்டாத அமிலங்கள் அமைந்துவிட்டால், இரண்டு சுருள்கள் அந்தப் பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தண்ணீர் படாமல் மறைத்துக்கொள்ளும். ஏழுக்கும் 7.2-க்கும் உள்ள சிறு வித்தியாசத்தைச் சரிக்கட்ட, இரண்டும் ஒன்றையொன்று மெல்லச் சுற்றிக்கொள்ளும்; வலப்புறமாகத் திரித்த இரு புரிகளை இடப்புறமாக முறுக்கிக் கயிறாக்குவதைப் போல. ஒரு சுருளின் மேடு மற்றதன் பள்ளத்தில் உட்காரும் இந்தக் கணக்கை ஃபிரான்சிஸ் கிரிக் 1953-இல் வகுத்தார். எம் புரதமும் இப்படிப்பட்ட இரட்டைப் புரிதான். அதன் அடி பாக்டீரியாவின் செல்சுவரில் பிணைக்கப்பட்டிருக்கிறது. நுனியோ வகைக்கு வகை மாறுகிறது. அந்த நுனியை வைத்தே 200-க்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்திருக்கிறார்கள்.

2008-இல் சான் டியாகோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பார்த்தோ கோஷின் குழு, எம்1 என்ற வகையின் ஒரு பகுதியை ஏறத்தாழ 3 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் படமாக்கியது. கிரிக்கின் கணக்குப்படி லூசினோ வேலினோ இருக்க வேண்டிய இடங்கள் பலவற்றில் பொருந்தாத அமிலங்கள் உட்கார்ந்திருந்தன. அதனால் புரி நெடுகிலும் ஒழுங்கு குலைந்து, பிடிப்புத் தளர்ந்திருந்தது. இதைப் பரிணாமம் துடைக்காமல் விட்ட கறை என்று ஒருவர் சொல்லலாம். எதுவும் நூற்றுக்கு நூறு சரியாக அமைவதில்லையே என்றும் கேட்கலாம். அந்தக் குழு இந்தக் கேள்வியைச் சோதனையிலேயே இறக்கிப் பார்த்தது. புரியின் பெரும்பகுதியில் பிசகிய அமிலங்களை மாற்றி, இலக்கணம் வழுவாத ஒரு எம்1 புரதத்தைச் செய்தார்கள். அது முன்னைவிட உறுதியாக நின்றது. ஆனால் ரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜனைப் பற்றும் திறன் குன்றியது, அழற்சியைக் கிளப்பும் வேகமும் தணிந்தது. கறையாக இருந்திருந்தால் துடைத்ததும் வேலை மேம்பட்டிருக்க வேண்டும்.

ஃபைப்ரினோஜனைப் பற்றுவது ஏன் பெரிய காரியம்? நம் ரத்தம் உறைய உதவும் அந்தப் புரதத்தையே மேலே போர்த்திக்கொள்ளும் பாக்டீரியாவை வெள்ளணுக்கள் எளிதில் விழுங்க முடிவதில்லை. பாக்டீரியாவிலிருந்து கழன்ற எம்1 இன்னும் மோசம். அதுவும் ஃபைப்ரினோஜனும் சிலுவைக் கோலமாகக் கோத்து வலையாகப் பின்னிக்கொள்வதை 2011-இல் அதே குழு காட்டியது. அந்த வலை வெள்ளணுக்களைத் தாறுமாறாக உசுப்பிவிடுகிறது. ரத்தக் குழாய்கள் கசிகின்றன. நுனியிலும் இதே சாமர்த்தியம் உண்டு. எதிர்ப்பொருள்களுக்குப் பிடிகொடுக்காமல் ஓயாது மாறும் அந்தப் பகுதி, பல வகைகளில், மனித உடலின் சி4பிபி என்ற ஒரே புரதத்தைத் தவறாமல் பற்றிக்கொள்கிறது. அமினோ அமில வரிசை எவ்வளவு மாறினாலும் பற்றும் இடத்தின் முப்பரிமாண அமைப்பு மாறாமல் காக்கப்படுவதை 2016-இல் வெளியான படிக அமைப்புகள் காட்டின.

செய்தவர் இல்லாத ஒன்றை எப்படி வேலைப்பாடு என்பது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் ரசனைக்கு வேண்டியது கர்த்தாவின் பெயரைவிட, ஒவ்வொரு தேர்வுக்கும் உள்ள காரணம். மனித நோய் எதிர்ப்பு மண்டலம் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து மிச்சம் விட்ட வடிவம் இது. காரணமில்லாமல் நிலைத்திருப்பது கடினம். அழகெல்லாம் புரதங்களை நாடாவாக வரையும் ஓவிய முறையில்தான் இருக்கிறது, மூலக்கூறில் இல்லை என்பார்கள் சிலர். ஜேன் ரிச்சர்ட்சன் 1980-களின் தொடக்கத்தில் பிரபலமாக்கிய அந்த நாடா ஓவியம் அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் எம் புரதம் வழவழப்பான இரு நாடாக்களாகத்தான் தெரியும். பொருந்தாத அமிலத்தைக் காண நாடாவை விலக்கி, பக்கக் கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஓவியம் மறைப்பதைத்தான் இங்கே ரசிக்கிறோம்.

கனமான ஆட்சேபம் வேறு. ருமாட்டிக் காய்ச்சலில் குழந்தைகளின் இதய வால்வுகள் பழுதாவதற்குக் காரணமானவற்றுள் ஒன்றைப் புகழலாமா? இதய நோயும் அதே பிசகோடுதான் வருகிறது. நம் தசைகளிலுள்ள மயோசினும் ட்ரோபோமயோசினும் இரட்டைப் புரிகளே. அவற்றிலும் இத்தகைய ஒழுங்கீனங்கள் உண்டு. அதனால் எம் புரதத்தை எதிர்க்கப் பிறந்த எதிர்ப்பொருள்கள் சில நம் திசுக்களையும் எதிரியாக எடுத்துக்கொள்கின்றன. பிசகு நீக்கிய அந்தச் செயற்கை எம்1 இந்தக் குழப்பத்தைக் குறைத்தது. எலிகளில் பாதுகாப்புத் தரும் எதிர்ப்பையோ குறையாமல் தூண்டியது. நுணுகிப் பார்த்த கண்தான் தடுப்பூசிக்கு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. ரசனைக்கு இதற்கு மேல் நியாயம் தேவையில்லை. ஆனாலும் தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. இந்தப் பாக்டீரியா இன்றுவரை பெனிசிலினுக்குக் கட்டுப்படுகிறது. காய்ச்சலோடு தொண்டை வலி என்று குழந்தை சொன்னால், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.