வயதான ஹார்னெட்டின் அழகு

மலேசியாவின் பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்து ஹார்னெட் போர் விமானத்தின் வாலடியில் கனத்த கொக்கி ஒன்று மடங்கிக் கிடக்கும். விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும்போது குறுக்குக் கம்பியைப் பற்றி நிற்பதற்கானது அது. மலேசியாவிடமோ அப்படியொரு கப்பலே இல்லை! இறக்கை நுனிகளும் மடியும். கப்பல் தளத்தில் 'தடால்' என்று விழுந்தாலும் தாங்கும் கால்கள். இந்த முரட்டுக் கட்டுமானம்தான் அதன் தனி அழகு.

1997-இல் வந்தவை எட்டு. 2013-இல் சபாவின் லஹாட் டத்துவில் ஊடுருவல்காரர்கள்மீது இவையும் குண்டு வீசின. 1995-இல் வந்த மிக்-29கள் முன்பே ஓய்வுபெற்றுவிட்டன.

சுங்கை பெசாரில் பழைய நெல்லறுவடை இயந்திரம் வைத்திருப்பவருக்கு இந்தக் கதை புரியும்: வண்டி ஓடும், உதிரிப் பாகம் தேடியே ஆள் அலுத்துப்போவார். ஹார்னெட்டுக்கும் அதே பாடு. இந்த ரகத்தின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது.

2023-இல் தென்கொரியாவிடம் 18 எஃப்ஏ-50 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். நல்ல இலகுரக விமானம். ஆனால் ஒற்றை எஞ்சின். இரட்டை எஞ்சின் ஹார்னெட்டின் சுமையை அதனால் தூக்க முடியாது.